மஞ்சள் அட்டையும் நீல அட்டையும்

மிஸ் கிளேட்டனுக்கு அகராதியைக் கண்டாலே ஆகாது. வகுப்புக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது. பக்கத்தில் இருப்பவளைக் கேட்கக் கூடாது. மிஸ்ஸையே கேட்டாலும் குற்றம். தெரியாத வார்த்தை வந்தால் அதற்கு முன்னால் இருப்பதைப் பார், பின்னால் இருப்பதைப் பார், அர்த்தத்தை நீயே ஊகி, மேலே போ. "கெஸ், கேர்ல்ஸ், கெஸ்!" என்று சனிக்கிழமை தவறாமல் கையைத் தட்டுவார். நல்ல மனுஷிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோடைக்கானல் பஜாருக்கு மேலே, சர்ச்சுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் அந்த ஆங்கில வாசிப்பு வகுப்பு நடந்தது. ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வாக்கில். ஐந்தாம் பாரம், ஆறாம் பாரம் படிக்கிற பெண்களுக்கு இலவசம். மேஜைமேல் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் மஞ்சள் அட்டைகள். பெட்டியின் மூடியில் 'கல்ச்சர்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். ஜப்பான்காரர்கள் டீ குடிக்கிற விதம், எஸ்கிமோ வீடு, ஹாலந்துக்காரர்களின் மரச் செருப்பு எல்லாம் அதற்குள். இன்னொன்றில் நீல அட்டைகள், 'சயின்ஸ்'. எரிமலை, மின்னல், நிலா, கிருமி. ஓர் அட்டையை எடுத்து வாசித்து, பின்பக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். மஞ்சள் பெட்டியை முடித்தவர்கள்தான் நீலப் பெட்டியைத் தொடலாம் என்பது இன்னொரு சட்டம்.

எனக்கு அந்த வகுப்பு ஒத்துவரவில்லை. எங்கள் அப்பாவுக்குக் காய்கறிக் கடை. பூண்டியிலிருந்து வரும் கேரட் மூட்டையை உள்ளே கைவிட்டு அடிவரை பார்க்காமல் இறக்க மாட்டார். அந்தப் புத்திதான் எனக்கும். "மிஸ், வாட் இஸ் திஸ்?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். "சண்முகவள்ளி, யூ ஆர் லேஸி" என்பார் மிஸ். சோம்பேறியாம் நான். விடியுமுன் எழுந்து முட்டைக்கோசுக்கு மேல் இலை உரித்துவிட்டு வருகிறவள்.

ரோஷன் பேகம் அப்படி இல்லை. அவள் ஊகிப்பதில் ராணி. பஜாரில் கம்பளியும் குடையும் விற்கிற முகம்மது இஸ்மாயில் மாமாவின் ஒரே மகள். எங்கள் கடைக்கு மூன்றாவது கடை அவர்களுடையது. 'கிமோனோ' என்ற வார்த்தை வந்தபோது நாங்கள் எல்லாரும் அது பலகாரமா பாத்திரமா என்று திருதிருவென்று விழித்தோம். ரோஷன் மட்டும் உடுத்துகிற துணி என்றாள். எப்படி என்று கேட்டால், "அடுத்த வரியில மடிப்புன்னு வருதுல்ல" என்றாள். மிஸ் அவள் தோளைத் தட்டி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

'பட்' என்ற சொல்லுக்கு மிஸ் தனியாக ஒரு பாடமே நடத்தினார். 'பட்' வந்தால் வாக்கியம் திரும்புகிறது. முன்னால் கெட்டது இருந்தால் பின்னால் நல்லது. முன்னால் நல்லது இருந்தால் பின்னால் கெட்டது. வத்தலக்குண்டு பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லி மனதில் வைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்கு அந்த வகுப்பில் ஒழுங்காகப் புரிந்தது.

அந்த வருஷம் சீசன் முடிந்த கையோடு ரோஷனின் அம்மா ஹமீதுன்னிசா மாமிக்கு இருமல் பிடித்தது. மலையில் இருமாத மனிதர் யார்? மிளகுக் கஷாயம் வைத்தார்கள், தைலம் தடவினார்கள். மாமி இளைத்துக்கொண்டே போனாள். சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. எங்கள் அம்மா பொன்னுத்தாய் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து, "இது சாதாரண இருமலாத் தெரியல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று இஸ்மாயில் மாமாவிடம் சொன்னாள். மாமாவும் தட்டாமல் கூட்டிப்போனார்.

சரிவில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு வங்காளத்து டாக்டர் இருந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'மூச்சு விடு', 'நாக்கு நீட்டு' இரண்டுதான். மற்றதையெல்லாம் அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டர் தமிழில் எடுத்துச் சொல்வார். மாமியின் சளியை எடுத்து, கொஞ்சத்தை அங்கேயே கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார்கள். அதற்குத்தான் 'ஸ்மியர்' என்று பெயர். மிச்சத்தை மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கிருமி முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்பார்களாம். இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், முடிவு வர நாளாகும், ஆடி கழித்து வாருங்கள் என்பது மட்டும்தான்.

ஆடி கழித்து மூவரும் போனார்கள். ஒரே கூட்டம், ஒரே மழை. சிஸ்டர் வார்டுக்குள் ஏதோ அவசரத்தில் இருந்தார். டாக்டர் நடைபாதையிலேயே நின்று, கையில் இருந்த காகிதத்தைப் பார்த்து, ரோஷனின் பள்ளிக்கூடத் தாவணியைப் பார்த்து, "டூ யூ நோ இங்கிலீஷ்?" என்றார். "யெஸ் சார்" என்றாள். அவர் வேகமாகச் சொன்னது இதுதான்: "த ஸ்மியர் வாஸ் நெகட்டிவ், பட் த கல்ச்சர் இஸ் பாசிட்டிவ். வெயிட் ஃபார் சிஸ்டர்." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ரோஷன் ஊகித்தாள். வேறென்ன செய்வாள், அதைத்தானே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்? ஸ்மியர் தெரியாது, விடு. நெகட்டிவ் என்றால் கெட்டது. பிறகு 'பட்' வருகிறது, வாக்கியம் திரும்புகிறது. பாசிட்டிவ் என்றால் நல்லது. கல்ச்சர் தெரிந்த வார்த்தை. எத்தனை சனிக்கிழமை அந்த மஞ்சள் பெட்டியின் மூடியைத் திறந்திருக்கிறாள்! மனிதர்களின் பழக்கவழக்கம், உண்பது உடுப்பது, நடந்துகொள்ளும் முறை. மிஸ் கிளேட்டன் பக்கத்தில் நின்றிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

"என்ன தாயி சொல்றாரு?" என்றார் இஸ்மாயில் மாமா.

"என்னமோ ஒன்னு சரியில்லாம இருந்துச்சாம் அத்தா. ஆனா நம்ம பழக்கவழக்கமெல்லாம் நல்லாருக்காம். பயப்பட ஒன்னுமில்லையாம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டர் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்?

கொஞ்ச நேரம் சிஸ்டருக்காகக் காத்திருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டது. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நல்ல சேதி சொன்னபிறகு இங்க என்ன சோலி? இன்னொரு மழை வர்றதுக்குள்ள வெரசா நடங்க" என்று மாமா மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வரும் வழியில் பேக்கரியில் கேக் வாங்கினார். எங்கள் கடைக்கும் நாலு துண்டு வந்தது.

மறுநாள் ரோஷன் இதை என்னிடம் சொன்னபோது எனக்கும் அதில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. ஒரு டாக்டர் எதற்குப் பழக்கவழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும் கேட்டேன். "சுத்தமா இருக்கோம்ல, அதச் சொல்றாருடி" என்றாள். இஸ்மாயில் மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை. கம்பளி வாங்க வந்தவர்களிடமெல்லாம், "அஞ்சு வேளை கைகால் கழுவுறோம், குடி கிடையாது, பழசு திங்கிறது கிடையாது. அதான் காப்பாத்துதுன்னு வங்காளத்து டாக்டரே இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. எம்மக காதால கேட்டு வந்து சொன்னா" என்றார். பஜாரில் பாதிப்பேர் நம்பினார்கள், மீதிப்பேர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக வேண்டும் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை.

மாமிக்கு அந்த வாக்கியமே மருந்தாகிப்போனது. சாயங்காலம் காய்ச்சல் ஏறும்போது, "தாயி, அந்த டாக்டர் சொன்னத இங்கிலீஷ்லயே ஒரு தடவை சொல்லு" என்பாள். ரோஷன் சொல்வாள். தமிழில் சொன்னால் மாமிக்குப் போதாது. டாக்டரின் வாயிலிருந்து வந்த அதே சொற்கள் வேண்டும். சொல்லச் சொல்லக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டது. நான் ஒருநாள் முட்டைக்கோசு கொண்டுபோய்க் கொடுத்தபோது, படுத்தபடியே என்னைப் பார்த்து, "பட் கல்ச்சர் பாசிட்டிவ், வள்ளி" என்று சிரித்தாள். சிரிப்பு முடியுமுன் இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் வைத்திருந்த தகர டப்பாவை எட்டி எடுத்து, நான் பார்க்காத பக்கமாகத் திரும்பித் துப்பிவிட்டு மூடிவைத்தாள்.

ஐப்பசி மழை வந்தது. மார்கழியில் உறைபனி விழுந்து கவுஞ்சிப் பக்கம் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் கருகியதாக அப்பா புலம்பிக்கொண்டிருந்தார். மாமி கடைப்பக்கம் வருவதை நிறுத்தினாள், பிறகு அடுப்படிக்கு வருவதை நிறுத்தினாள். எங்கள் அம்மா இரண்டாம் தடவையாகச் சொன்னாள். "பனிக்காலம் கழியட்டும் தங்கச்சி, வெயில் வந்தா சரியாப்போயிரும். டாக்டருதான் பயப்பட ஒன்னுமில்லன்னுட்டாரே" என்றார் இஸ்மாயில் மாமா. குரலில் பழைய சத்தம் இல்லை. ஆனாலும் மகள் கேட்டு வந்து சொன்னதைத் தட்ட அவருக்கு மனம் வரவில்லை. அவர் கடையில் கணக்கு எழுதத் தெரிந்ததற்கு மேல் படித்தவர் கிடையாது. மகளின் ஆங்கிலத்தை அவர் வேதம் மாதிரி நம்பினார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனால் அப்படித்தான் நம்பினார்.

தை பிறந்து ரோஷன் மஞ்சள் பெட்டியை முடித்தாள். எங்கள் வகுப்பில் அவள்தான் முதல். மிஸ் எங்கள் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நீலப் பெட்டியிலிருந்து எரிமலை முடிந்தது, மின்னல் முடிந்தது. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அவள் கிருமி அட்டையை எடுத்தாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், இன்னும் மரச் செருப்பைத் தாண்டாமல். அவள் எப்போதும் வேகமாக வாசிப்பாள். கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவது தெரியும். அன்றைக்குக் கண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. என்னவென்று எட்டிப் பார்த்தேன். விஞ்ஞானி ஒரு நோயாளியிடமிருந்து ஒரு துளி எடுக்கிறார். அதைக் கண்ணாடித் தட்டில் இருக்கும் உணவின்மேல் வைக்கிறார். சில நாளில் கிருமிகள் அங்கே வளர்கின்றன. இப்படி வளர்ப்பதற்குக் கல்ச்சர் என்று பெயர். இவ்வளவுதான் அந்த அட்டையில் இருந்தது. ஊகிக்க எதையும் மிச்சம் வைக்காமல் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தான் அந்தப் பாவி.

ரோஷன் எழுந்து நின்றாள். அந்த வகுப்பில் அவள் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"மிஸ், இஃப் த கல்ச்சர் இஸ் பாசிட்டிவ்…"

மிஸ்ஸுக்குச் சந்தோஷம். நல்ல கேள்வி என்றார். கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது என்று பொருள், அந்த ஆளுக்கு நோய் உண்டு என்று பொருள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "ஸீ? ஒன் வேர்ட், டூ மீனிங்ஸ்!" என்றார். அவருக்கு என்ன தெரியும், பாவம். ரோஷன் அட்டையைப் பெட்டியில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

இஸ்மாயில் மாமா கடை வாசலில் குடைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். ரோஷன் அவரிடம் அழாமல்தான் சொன்னாள். தான் தப்பாகச் சொல்லிவிட்டதையும், அம்மாவின் சளியில் கிருமி இருக்கிறது என்றுதான் டாக்டர் சொன்னார், அது காசநோய்தான் என்பதையும் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தானாகச் சேர்த்துச் சொன்னதைச் சொல்லும்போதுதான் கையில் இருந்த அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மாமா கையில் இருந்த குடையை மடக்கினார். திரும்ப விரித்தார். திட்டுவார் என்று நான் பயந்து நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சின்னப்புள்ள. நீ என்ன தாயி பண்ணுவ? அவரு ஓடுற ஓட்டத்துல சொல்லிட்டுப் போயிட்டாரு. நாந்தான் இருந்து கேட்டுருக்கணும்" என்றார். "வெள்ளனே போயிருவோம். அம்மாகிட்ட ஒன்னும் சொல்லாத."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் ஆஸ்பத்திரியில் பார்க்கச் சம்மதித்தார்கள். வாடகைக் காரில் மாமியைக் கூட்டிப்போனோம். ரோஷன் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை, அதனால் நானும் போனேன். மாமி கண்ணாடிவழியே ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தோளில் சாய்த்துப் பிடித்திருந்த எனக்கு அவள் கனமே தெரியவில்லை.

அதே வங்காளத்து டாக்டர். பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "வேர் வேர் யூ? ஐ கெப்ட் எ பெட் ஃபார் ஹர்!" என்று சத்தம் போட்டார். ரோஷன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னங்கிறாரு?" என்றார் மாமா.

"இத்தன மாசமா எங்க போனீங்கன்னு கேக்குறாரு அத்தா. அம்மாவுக்குக் கட்டில் ஒதுக்கி வச்சிருந்தாராம்."

மாமா இரண்டு கையையும் கூப்பி டாக்டரைக் கும்பிட்டார். அந்த மனிதர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. டாக்டர் அதற்குமேல் சத்தம் போடவில்லை. மாமியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஈரப் படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து விளக்குமுன் மாட்டினார்கள். டாக்டர் அதன்முன் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது, அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிஸ்டரும் உள்ளே வந்து கதவோரம் நின்றார். இந்தத் தடவை தமிழில் சொல்ல ஆள் இருந்தது. டாக்டர் சிஸ்டரைப் பார்த்துப் பேசத் தொடங்கியபோது மாமா இடையில் வந்து நின்றார். "எம்மககிட்டயே சொல்லச் சொல்லுங்கம்மா. அவ படிச்ச புள்ள" என்றார். ரோஷன்மேல் தனக்கு நம்பிக்கை போய்விடவில்லை என்று அவளுக்குக் காட்ட நினைத்தார் போல. அவளுக்குச் செய்த நல்லது என்றே நினைத்திருப்பார்.

டாக்டர் ரோஷனைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போத் லங்ஸ் ஆர் கான். ஐ ஆம் ஸாரி. தேர் இஸ் நத்திங் வி கேன் டூ. டேக் ஹர் ஹோம்."

ரோஷன் அப்பாவின் பக்கம் திரும்பி, எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் சொன்னாள்.

"ரெண்டு நுரையீரலும் போயிருச்சாம் அத்தா. வருத்தமா இருக்காம். இனிமே செய்யிறதுக்கு ஒன்னுமில்லையாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு."

இஸ்மாயில் மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் மெதுவாகத் தெளிந்தது. எனக்கு அது புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தார், பிள்ளையின் கணக்கில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

"இல்ல தாயி" என்றார். "போன தடவையும் நீ தப்பாத்தானே புரிஞ்சுக்கிட்ட? இதுவும் தப்பாத்தான் இருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

"பாய்…" என்று சிஸ்டர் கதவோரத்திலிருந்து கூப்பிட்டார். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னொருக்கா கேளு தாயி. நல்லாக் கேளு."

ரோஷன் டாக்டரைப் பார்த்து, "ப்ளீஸ் சார், ஒன்ஸ் மோர்" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, அதையே திரும்பச் சொன்னார். மாமா டாக்டரைப் பார்க்கவில்லை. மகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதில் ரோஷனுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை.